லாரி எஞ்சினில் டொக் டொக்: சேம்பரை இறக்கிய பிறகு தெரிந்தது

வண்டி ஆறு சக்கர லாரி. நாலு சிலிண்டர் டர்போ டீசல், இன்டர்கூலர், காமன் ரெயில், ஏர் பிரேக். சின்னமனூர் பக்கம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிக்கு வரும். சில நாள் காய்கறி. மீட்டரில் 3,40,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இதுவரை ஹெட்டைத் திறந்ததில்லை.

சத்தம் ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததால்தான் இவ்வளவு சுற்றல். ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது மூன்றாவது கியரில் ‘உய்ய்ங்’ என்று ஒரு விசில், பின்னாலேயே சைலன்சரில் கரும்புகை. ஏற்றம் முடிந்து ஆக்சிலேட்டரை விட்டால் விசில் நின்றுவிடும். இன்னொன்று காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் முன்பக்கத்தில் ‘டொக் டொக் டொக்’. டீசல் எஞ்சினின் வழக்கமான கடகடப்புக்கு அடியில் தனியாகக் கேட்கும், இரும்பில் இரும்பு மோதுகிற கனத்த சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகம் கூடும். ஓடும்போது சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. காளவாசல் சிக்னலில் நிற்கும்போது கட்டாயம் இருக்கும்.

கேட்டவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். டர்போ போச்சு என்றார் ஒருவர். இன்ஜெக்டர் அடிக்கிறது என்றார் இன்னொருவர். ஒரு பட்டறையில் கேபினைக்கூடத் தூக்காமல், கன்ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங் போயிருச்சு, எஞ்சினை இறக்கிரலாம், ஒன்னேகால் லட்சம் வைங்க என்றார்கள். அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு விரகனூர் ரிங் ரோட்டுப் பக்கம் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னது: “மொதல்ல விசிலை நிறுத்துவோம். ரெண்டு சத்தத்தையும் வச்சுக்கிட்டு ஒன்னையும் பிடிக்க முடியாது.”

விசில் என்றதும், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவைத்தான் பார்த்தோம். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸைக் கழற்றினால் டர்போவின் இறக்கை தெரியும். விரலால் பிடித்து ஆட்டினால் மேலும் கீழுமாக லேசாக ஆடியது. இதைப் பார்த்துத்தான் பலர் பயந்துபோய் டர்போவை மாற்றிவிடுகிறார்கள். அந்த பேரிங் ஆயில் படலத்தில் மிதக்கிற வகை. எஞ்சின் நின்றிருக்கும்போது அந்த அளவு ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னுமாக ஆடுகிறதா என்பதுதான் கேள்வி. டயல் கேஜ் வைத்துத் தள்ளி இழுத்துப் பார்த்ததில் 0.06 மி.மீ. இறக்கை நுனியில் தேய்மானம் இல்லை, ஹவுசிங்கில் உரசிய கீறலும் இல்லை. டர்போவை விட்டுவிட்டோம்.

அடுத்து ஹோஸ்கள். நின்ற வண்டியில் எந்தக் கிழிசலும் தெரியவில்லை. அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும் என்று அண்ணன் ஒரு சாமான் செய்தார். 75 மி.மீ. பிவிசி எண்ட் கேப், விலை 45 ரூபாய். நடுவில் பதினொன்றரை மி.மீ. துளை போட்டு, 40 ரூபாய் டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றை உள்ளிருந்து இழுத்து உட்கார வைத்தார். ஃபில்டர் ஹோஸ் வாயில் அந்தக் கேப்பைச் சொருகிக் கிளிப் போட்டு இறுக்கி, பக்கத்துப் பஞ்சர் கடைக் காற்றை ஒரு பார் அளவுக்கு விட்டோம். அதற்கு மேல் போகக் கூடாது, கேப் பிடுங்கிக்கொண்டு முகத்துக்கு வரும். எஞ்சினின் திறந்திருக்கும் வால்வு வழியாக உள்ளே கொஞ்சம் காற்று போய்க்கொண்டே இருப்பதால் அழுத்தம் நிற்காது, விடாமல் ஊத வேண்டும். நான் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் சோப்புத் தண்ணீரை ஹோஸ் முழுக்கத் தெளித்தார். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகிற ஹோஸின் அடிப்பக்கம், ஒரு பிராக்கெட் முனை உரசுகிற இடத்தில், நுரை பொங்கிக்கொண்டு வந்தது. நாலு சென்டிமீட்டர் நீளத்தில் பிளேடால் கீறிய மாதிரி கிழிசல். சுற்றிலும் ஆயில் கறை படிந்திருந்தது. அந்தக் கறையை முன்பே கவனித்திருந்தால் எண்ட் கேப்புக்கே வேலை இருந்திருக்காது.

சிலிக்கான் ஹோஸ் 1,400 ரூபாய், நல்ல கிளாம்ப் இரண்டு 360. பிராக்கெட் முனையை அரத்தால் மழுக்கி, மேலே பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டோம். மறுநாள் லோடோடு கணவாய் ஏறியபோது விசிலும் இல்லை, கரும்புகையும் இல்லை.

டொக் டொக் மட்டும் அப்படியே இருந்தது.

முதலில் பெல்ட்டைக் கழற்றினோம். டைனமோ, வாட்டர் பம்ப், ஃபேன், டென்ஷனர் எல்லாம் ஒரே அடியில் விலகிவிடும். பெல்ட் இல்லாமல் தண்ணீர் சுற்றாது, அதனால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டவில்லை. அந்த ஒரு நிமிடமும் சத்தம் இருந்தது. பெல்ட்டில் ஓடுகிற எதுவும் குற்றவாளி இல்லை.

அப்புறம் நீள ஸ்குரூ டிரைவர். முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பது. ஹெட் மேல் வைத்தால் மந்தமாகக் கேட்டது. பிளாக்கின் முன்பக்கம், டைமிங் கவருக்குப் பக்கத்தில் வைத்தால் மண்டையில் அடித்தது. டைமிங் கியர், முதல் கன்ராடு, பிரேக் டாங்குக்குக் காற்று அடைக்கும் ஏர் கம்ப்ரஸர் மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. இரும்பு சத்தத்தைக் கடத்திக்கொண்டு போகும் என்பதால் ஸ்குரூ டிரைவர் ஏரியாவைக் காட்டியதே தவிர, ஆளைக் காட்டவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பம்ப் வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் செய்து, எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பார்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அழுத்தத்தோடு டீசல் போகும் காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. அந்தப் பைப்பில் ஓடும் டீசலின் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டிப் போகும். ஊசி முனை அளவு பீய்ச்சினாலும் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்குவதும் ஆகாது, அதில் வரும் கரன்ட் பேட்டரி கரன்டைவிடப் பல மடங்கு வோல்டேஜ். எஞ்சினை அணைத்து, ஒரு கனெக்டரைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து கேட்டு, மறுபடி அணைத்து மாட்டினோம். நாலு சிலிண்டருக்கும் இப்படி. எஞ்சின் மூன்று காலில் தள்ளாடியதே ஒழிய, டொக் டொக் எதிலும் குறையவில்லை. கன்ராடு பேரிங்கோ இன்ஜெக்டரோ அடித்தால், அந்த சிலிண்டரில் டீசலை நிறுத்தியதும் சத்தம் மாறியிருக்க வேண்டும். அதோடு கன்ராடை விட்டிருக்கலாம். விடவில்லை.

காரணம் ஆயில் ஃபில்டர். அதை அறுத்துப் பார்ப்பது அண்ணன் வழக்கம். ஹாக்ஸாவால் அறுத்தால் அந்தத் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும் என்று, உளியால் மடிப்பைப் பிரித்துத் தகரத்தைத் திறந்தார். மடிப்பு மடிப்பாக இருந்த பேப்பரை வெயிலில் விரித்துப் பார்த்தால் அங்கங்கே மினுமினுப்பு. காந்தம் வைத்தோம், ஒட்டவில்லை. இரும்பு இல்லை, அப்படியானால் பேரிங் உலோகம். “சேம்பரை இறக்கிப் பாத்துருவோம்” என்றார். எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டிதான் சேம்பர். எனக்கும் வயிறு கலங்கியது. சரி என்றேன்.

சேம்பரை இறக்கினோம். ஒன்றாம், இரண்டாம் கன்ராடு கேப்புகளைக் கழற்றினோம். பேரிங் ஷெல் இரண்டும் மங்கலான சாம்பல் நிறத்தில், கீறலே இல்லாமல் இருந்தன. பிளாஸ்டிக் நூலை வைத்து நசுக்கி அளக்கும் கேஜில் இடைவெளி 0.06 மி.மீ. 3,40,000 ஓடிய எஞ்சினுக்கு அது அருமையான கணக்கு. கேப் போல்ட்டுகள் ஒருமுறை இழுத்ததைத் திரும்பப் போடக் கூடாத வகை, நாலு புது போல்ட் 640 ரூபாய். ஆயில் ஒன்பது லிட்டர் 3,240, ஃபில்டர் 520, சேம்பர் கேஸ்கெட் 480, கூலி 2,000. மொத்தம் 6,880 ரூபாய் கொடுத்து, எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். மாட்டி, ஸ்டார்ட் செய்தோம். டொக் டொக் டொக்.

அன்று ராத்திரி போனில் சத்தத்தைப் பதிவு செய்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடியோ எடிட்டர் செயலி ஒன்றில் விரித்துப் பார்த்தேன். வண்டி ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 700 சுற்று. கடகடப்புக்கு நடுவே உயரமான முனைகள் ஒரே சீராக வந்தன. ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவே ஏறக்குறைய 86 மில்லி வினாடி. 60-ஐ 700-ஆல் வகுத்தால் அதேதான் வருகிறது, கிராங்க் ஒரு சுற்றுக்கு ஓர் அடி. டேப்பட், கேம், இன்ஜெக்டர் எதுவானாலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது 171 மில்லி வினாடிக்கு ஒன்று வர வேண்டும். ஆக மேல்பக்கத்துச் சாமான் எதுவும் குற்றவாளி இல்லை. கிராங்க் வேகத்திலேயே சுற்றுகிற ஏதோ ஒன்று. கன்ராடு இல்லை என்று கண்ணால் பார்த்தாயிற்று. மீதி என்ன என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

பிடித்தது நானும் இல்லை, அண்ணனும் இல்லை. என் மைத்துனன். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு நாங்கள் இருவரும் கீழே ஸ்குரூ டிரைவரோடு குனிந்திருந்தோம். அவன் கேபினில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏர் கேஜ் முள் எட்டு பாருக்குப் பக்கம் போனதும், டாங்க் நிறைந்தால் கம்ப்ரஸரின் லோடை எடுத்துவிடும் அன்லோடர் வால்வு வழக்கம்போலப் ‘புஸ்ஸ்’ என்றது. மேலிருந்து குரல் வந்தது: “மாமா, இப்பப் புஸ்ஸுன்னுச்சுல்ல, அதுக்கப்புறம் சத்தத்தைக் காணோமே?”

அண்ணன் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். “பிரேக்கை நாலு மிதி மிதி” என்றார். மிதித்தான். முள் ஆறரைக்கு இறங்கியதும் கம்ப்ரஸர் மறுபடி லோடு எடுத்தது, கூடவே டொக் டொக். எட்டுக்கு ஏறியது. புஸ். நின்றது. மறுபடி மிதிக்கச் சொன்னார். அதே கதை. அண்ணன் ஸ்குரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு டீ சொல்லியனுப்பினார்.

காளவாசல் சிக்னலில் ஏன் கட்டாயம் கேட்டது என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஊருக்குள் பிரேக் மிதித்து மிதித்து ஏர் குறையும், கம்ப்ரஸர் விடாமல் வேலை செய்யும். உசிலம்பட்டி தாண்டி நேர் ரோட்டில் பிரேக்குக்கு வேலை இல்லை, டாங்க் நிறைந்தே இருக்கும், சத்தமும் இருக்காது. காலையில் டாங்க் காலி என்பதால் ஸ்டார்ட் செய்ததும் அடிக்கும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தேடிக்கொண்டிருந்தோம். அது எப்போது நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

உறுதி செய்ய ஒரு சோதனை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்து, டாங்கில் இருந்த ஏரை முழுக்க விட்டோம். வடிகால் வால்வை இழுத்ததும் தண்ணீரோடு கறுப்பாக ஆயிலும் கொட்டியது. அதுவே பாதி சாட்சி. கம்ப்ரஸர் தலையிலிருந்து டாங்குக்குப் போகும் பைப்பை 22 ஸ்பேனர் போட்டுக் கழற்றி ஓரமாகத் திருப்பி வைத்து ஸ்டார்ட் செய்தோம். எதிரழுத்தம் இல்லாததால் ‘புசு புசு’ என்று காற்று வந்தது, டொக் டொக் இல்லை. பைப்பை மாட்டினோம், மறுபடி ஆரம்பித்துவிட்டது. இந்தப் பைப் ஓடும் வண்டியில் கொதிக்கும். ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

கம்ப்ரஸரை இறக்குவது பெரிய வேலை இல்லை, ஆனால் ஒட்டிக்கொண்டிருப்பவை அதிகம். தலைக்குத் தண்ணீர் வருகிறது, மூன்று லிட்டர் கூலன்ட் வடிக்க வேண்டும். பின்னால் ஸ்டீயரிங் பம்ப் மாட்டியிருக்கிறது, அதன் ஹோஸைக் கழற்றினால் ஆயில் சிந்தும். எஞ்சினிலிருந்து கம்ப்ரஸருக்கு ஆயில் கொண்டுவர ஒரு சின்னக் குழாய், அதைப் பிடிக்க நடுவில் துளையுள்ள ஒரு போல்ட். கியர்ப் பல்லில் வெள்ளை பெயின்ட் அடையாளம் வைத்த பிறகே வெளியே இழுத்தோம்.

கீழ் மூடியைத் திறந்து கன்ராடைப் பிடித்து ஆட்டினால் கையிலேயே ‘டக்’ என்றது. பேரிங் ஷெல்லில் மேல்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. ஃபில்டரில் மினுமினுத்தது இதுதான். கம்ப்ரஸருக்குப் போகும் ஆயில் திரும்பி சேம்பருக்குத்தானே வருகிறது. கிராங்க் பின்னை மைக்ரோமீட்டரில் அளந்தோம். ஒரு பக்கம் 27.98 மி.மீ., குறுக்கே திருப்பினால் 27.81. வட்டம் போய் முட்டை ஆகியிருந்தது.

ஏன் தேய்ந்தது? அந்தத் துளை போல்ட்டை அண்ணன் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். மூன்று மி.மீ. துளையில் முக்கால்வாசியைச் சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் அடைத்திருந்தது. எப்போதோ ஒரு இடத்தில் ஆயில் கசிவை நிறுத்தக் கொடுத்தபோது, காப்பர் வாஷரை மாற்றாமல் பேஸ்ட்டைத் தடவி இறுக்கியிருக்கிறார்கள். கசிவு நின்றது, பிதுங்கிய பேஸ்ட் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. 15 ரூபாய் வாஷர்.

கிராங்க் பின் அவ்வளவு முட்டையான பிறகு ரிப்பேர் கிட் போடுவது வீண். எக்ஸ்சேஞ்சில் ரீகண்டிஷன் கம்ப்ரஸர் 7,000 ரூபாய்க்குக் கிடைத்தது. எடுக்கவில்லை. வெளியே பெயின்ட் புதிதாக இருக்கிறது, உள்ளே பின் எந்த அளவில் இருக்கிறது என்று கடைக்காரர் திறந்து காட்டத் தயாராக இல்லை. புதியது 14,800. அதையே வாங்கினோம். புது போல்ட் 90, காப்பர் வாஷர் நாலு 60, கூலன்ட் 600, ஸ்டீயரிங் ஆயில் 350, கூலி 1,800. காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையர் ஃபில்டரையும் மாற்றினோம், 2,600. பழைய கம்ப்ரஸர் இத்தனை நாள் ஆயிலைத் தள்ளியதில் அது ஊறிப்போயிருந்தது. மொத்தம் 20,300 ரூபாய்.

மாட்டும்போது இரண்டு விஷயம். ஆயில் குழாயைக் கம்ப்ரஸர் பக்கம் மாட்டுவதற்கு முன் ஒரு டப்பாவில் விட்டு, எஞ்சினை ஸ்டார்டரில் சுற்றி, ஆயில் தடையில்லாமல் வருகிறதா என்று பார்த்தோம். கம்ப்ரஸருக்குள்ளும் அரை டம்ளர் ஆயில் ஊற்றினோம், முதல் சுற்றே காய்ந்து சுற்றக் கூடாது. ஸ்டீயரிங்கில் காற்று நின்றால் பம்ப் உறுமும். இன்னொரு புதுச் சத்தத்தைத் தேடும் தெம்பு எங்களுக்கு இல்லை. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டார்ட் செய்யும் முன்பே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக் காற்றை எடுத்தோம்.

ஸ்டார்ட் செய்தோம். வெறும் கடகடப்பு. போனில் மறுபடி பதிவு செய்து பார்த்தேன், 86 மில்லி வினாடி முனைகள் இல்லை. 1,500 சுற்றில் காலி டாங்க் நிறைந்து புஸ் என்று விட முன்பு 5 நிமிடம் 40 வினாடி ஆனது, இப்போது 2 நிமிடம் 50 வினாடி. காலையில் ஏர் ஏறச் சோம்பலாக இருக்கிறது என்று மைத்துனன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். குளிருக்கு அப்படித்தான் என்று நான்தான் சொல்லிவிட்டேன்.

இனி எந்தச் சத்தம் வந்தாலும் பெல்ட்டுக்கு முன்பே ஏர் கேஜைப் பார்ப்பேன். காசு செலவில்லை, கேபினை விட்டு இறங்கவும் வேண்டாம். போன் பதிவையும் முதல் நாளே எடுத்திருப்பேன். ஃபில்டரில் மினுமினுப்பைக் கண்டாலும், எஞ்சின் ஆயில் எங்கெல்லாம் போய்த் திரும்புகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் சேம்பர் போல்ட்டில் ஸ்பேனர் வைப்பேன். டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டையும் அதே சாக்கில் கழற்றிப் பார்த்தோம். அதிலும் சிவப்புப் பேஸ்ட் தடவியிருந்தது, நல்லவேளை துளைக்குள் போகவில்லை. சுரண்டித் துடைத்துப் புது வாஷர் போட்டாயிற்று.

ஞாயிறுதோறும் டாங்க் வடிகாலை ஒரு வெள்ளைத் துணியில் விட்டுப் பார்க்கிறோம். முதல் இரண்டு வாரம் உள்ளே தங்கிய பழைய ஆயில் கொஞ்சம் வந்தது. இப்போது வெறும் தண்ணீர்தான் வருகிறது.